அப்பாவின் இக்சஸும் அத்தை மகளின் இக்சஸும்
கேமரா அண்ணாச்சி பதில்கள்

கேள்வி: அண்ணாச்சிக்கு வணக்கம். அப்பா ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது 2007இல் வாங்கிய கேனான் இக்சஸ் 70 எங்கள் வீட்டு பீரோவில் கிடைத்தது. ஆன் ஆகவில்லை. புனலூரில் இருக்கும் அத்தை மகள், தன்னுடைய இக்சஸ் 285 எச்.எஸ். கேமராவை 14 ஆயிரத்துக்குத் தருகிறேன் என்கிறாள். அது 2016 மாடல். பழையது 7 மெகாபிக்சல், புதியது 20. ஆனால் காலேஜில் எல்லோரும் சிசிடி என்ற பழைய வகைச் சில்லில் படம் பதியும் கேமராதான் கெத்து என்கிறார்கள். நான் எதை வைத்துக்கொள்வது?
- ஒரு கல்லூரி மாணவி, புளியரை

பாப்பா, உன் கடிதத்துக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே பதில் எழுதியிருக்கலாம். புளியரை பக்கத்து ஊர்தானே, இரண்டையும் கொண்டு வந்து காட்டச் சொல்வோம் என்று தோன்றியது. நீ வரவில்லை, உன் அப்பா வந்தார். அத்தை மகளின் கேமராவையும் புனலூரிலிருந்து வாங்கி வந்திருந்தார். செங்கோட்டை ஆர்ச்சுக்கு இந்தப் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் எனக்கு இரண்டு மாநிலத்துக் கல்யாணமும் பழக்கம். ஆனால் ஒரு கேமராவோடு ஒரு மனிதர் இத்தனை கூச்சத்தோடு கடைக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

பழைய கேமராவுக்கு ஒன்றுமில்லை, பாட்டரிதான் போய்விட்டது. என்.பி. 4எல் என்று போட்ட சின்ன பாட்டரி அது. என்னிடம் ஒன்று இருந்தது, போட்டேன். லென்ஸ் 'கிர்ர்' என்று வெளியே வந்தது. தேதியும் நேரமும் கேட்டது. உள்ளே, கேமராவோடு இலவசமாக வந்த 32 எம்பி கார்டு. ஜிபி இல்லை, எம்பி! முழு அளவில் எடுத்தால் பத்துப் படம் ஏறுவதே பெரிது. அதில் ஆறு படம் இருந்தது. ஐந்தாவதில் செங்கோட்டை ஸ்டேஷன், மீட்டர் கேஜ் ரயில், பெட்டி ஜன்னல் ஓரம் ஒரு கைக்குழந்தை. உன் அப்பா ஒன்றும் பேசவில்லை. நானும் டீ சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன். 1904இல் வந்த அந்த மீட்டர் கேஜ் பாதையை 2010இல் நிறுத்தி, அகலப் பாதையாக்கித் திரும்ப விட்டது 2018இல். அந்த ரயில் இனி யாருக்கும் கிடைக்காது. அந்தப் படத்தை முதலில் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். மற்ற கதையெல்லாம் அப்புறம்தான்.

சரி, ஒப்பீட்டுக்கு வருவோம். இரண்டையும் மூன்று நாள் வைத்திருந்தேன்.

முதலில் மெகாபிக்சல் மயக்கம். இக்சஸ் 70 தருவது 3072க்கு 2304 புள்ளி. 285 தருவது 5184க்கு 3888. பெரிய வித்தியாசம்தான், ஆனால் எங்கே தெரியும்? அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தால் பழையதிலேயே 10 அங்குல அகலப் பிரிண்ட் தாராளமாகப் போடலாம். ஆல்பத்துக்கு அது போதும். இரண்டு கேமராவிலும் ஒரே சமயத்தில் எடுத்த படத்தை 6க்கு 8 சைஸில் போட்டு, பின்பக்கம் பென்சிலில் மட்டும் குறித்துவிட்டு, கடைக்கு வந்தவர்களிடம் நீட்டினேன். எதிர்க்கடைக்காரர் இரண்டும் ஒன்றுதானே என்றார். என் வீட்டுக்காரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் பழையதை எடுத்தாள். "இதுலதான் மூஞ்சி மூஞ்சி மாதிரி இருக்கு" என்றாள். 12க்கு 18 போட்டபோது மட்டும் விஷயம் மாறியது. பழையதில் அங்குலத்துக்கு 170 புள்ளிதான் மிஞ்சுகிறது, புதியதில் 288. கிட்டே போய்ப் பார்த்தால் சேலைக் கரையில் வித்தியாசம் தெரிகிறது. நீ 12க்கு 18 எத்தனை போடப் போகிறாய்?

பிரிண்ட் பேச்சு வந்ததால் இடையில் ஒன்று. இந்த மாதிரிக் கேமராவெல்லாம் 4க்கு 3 என்ற கணக்கில் படம் எடுக்கும். ஸ்டூடியோவில் 4க்கு 6 தாளில் போட்டால் மேலும் கீழுமாக ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும். நின்றவர் தலை போய்விட்டது என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. 6க்கு 8 சொல்லுங்கள், ஒரு நூல்கூட வெட்டுப்படாது.

இப்போது சென்சார், அதாவது வெளிச்சத்தை வாங்கிப் படமாக்கும் அந்தச் சில்லு. பழையது 1/2.5 அங்குல வகை, புதியது 1/2.3. பெயரைப் பார்த்து அங்குலக்கணக்கு என்று நினைக்காதே. அசலில் ஒன்று சுமார் 5.8 மில்லிமீட்டர் அகலம், மற்றது 6.2. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது இரண்டும். கல்யாண மண்டபத்தில் ஒரே பாயில் ஏழு பேர் படுப்பதற்கும் இருபது பேர் படுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தை நினைத்துக்கொள். பழையதில் ஒரு புள்ளியின் அகலம் 1.9 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்), புதியதில் 1.2. ஒரு புள்ளிக்கு விழும் வெளிச்சம் புதியதில் குறைவு. அதை ஈடுகட்டத்தான் புதியதில் பின்புறம் வெளிச்சம் வாங்கும் சிமாஸ் என்ற வேறு வகை சென்சார் போட்டிருக்கிறார்கள். வயரிங் எல்லாம் வெளிச்சம் வரும் பக்கத்திலிருந்து பின்னால் தள்ளப்பட்டிருக்கும். ஆனால் லென்ஸ் காலை வாருகிறது. பழையது ஜூம் இல்லாமல் எஃப் 2.8, புதியது எஃப் 3.6. எண் சின்னதாக இருந்தால் வாசல் பெரிது. கணக்குப் போட்டால் பழைய லென்ஸ் ஒன்றரை மடங்குக்கும் மேல் வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. முழு ஜூமில் பழையது 4.9, புதியது 7.0. எஃப் 7 என்றால் வாசல் கிடையாது, சாவித்துவாரம்.

இந்தச் சாவித்துவாரத்தைச் சுந்தரபாண்டியபுரத்தில் நேரிலேயே பார்த்தேன். சூரியகாந்தி சீசன், கேரளத்திலிருந்து காரும் வேனுமாக வந்து இறங்கியிருந்தார்கள். பழையதின் மூன்று மடங்கு ஜூமில் வயல்தான் தெரிந்தது, மலை எங்கோ இருந்தது. புதியதை அதன் முழு ஜூமான 300 மில்லிமீட்டருக்கு இழுத்தேன். மேற்குத் தொடர்ச்சி மலை பூவுக்குப் பின்னால் சுவர் மாதிரி வந்து நின்றது. வெயிலில் அருமை, இந்தப் படம் பழையதில் சாத்தியமே இல்லை. பத்து நிமிஷத்தில் மேகம் வந்து மூடியது. அதே இடம், அதே ஜூம். வெளிச்சம் போதாததால் கேமரா தானாக ஐ.எஸ்.ஓ. என்ற உணர்திறன் எண்ணை ஏற்றிக்கொண்டது, இதழெல்லாம் ஈரத்தில் கரைந்த வாட்டர் கலர் மாதிரி ஆகிவிட்டது. சாரல் காலத்தில் நம் பக்கம் வானம் பாதி நாள் இப்படித்தான் இருக்கும் என்பதை மறந்துவிடாதே.

அதே வயலில் பழையது ஒரு விஷயத்தில் ஜெயித்தது. வெயில் அடித்தால் திரையில் ஒன்றும் தெரியாது, இரண்டுக்கும் அதே கதி. ஆனால் இக்சஸ் 70இல் லென்ஸுக்கு மேலே கண் வைத்துப் பார்க்கும் சின்ன ஓட்டை உண்டு. அந்தக் காலத்து பிலிம் கேமரா மாதிரி. திரையை அணைத்துவிட்டுக் கண்ணை வைத்து எடுத்தேன். பாட்டரியும் மிச்சம். ஓட்டையில் தெரிவதைவிடப் படத்தில் கொஞ்சம் கூடுதலாக விழும், அதனால் தலை வெட்டுப்படாது. ஆனால் பூவை ஒரு அடி தூரத்தில் எடுக்கிறபோது ஓட்டையை நம்பாதே. லென்ஸ் பார்ப்பது வேறு, நீ பார்ப்பது வேறு. 285இல் இந்த ஓட்டையே கிடையாது.

மறுநாள் ஆரியங்காவு தாண்டிக் கழுதுருட்டிக்குப் போனேன், பதிமூன்று கண் பாலத்துக்கு. பழையது 35 மில்லிமீட்டரில் தொடங்குகிறது, புதியது 25இல்; இந்த எண் சின்னதானால் படத்தில் அகலம் கூடும். படிக்கச் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும். நின்று பார்த்தால்தான் தெரியும். பாலத்தின் நீளம் 100 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. பழையதில் முழுப் பாலமும் வர வேண்டுமானால் ஏறக்குறைய அதே 100 மீட்டர் பின்னால் போக வேண்டும். போனால் மரம் மறைக்கிறது. புதியதில் 70 மீட்டருக்குப் பக்கத்தில் நின்றாலே போதும், பதிமூன்று கண்ணும் விழுந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளும் இதே கணக்குதான். 10 அடி தள்ளி நின்றால் பழையதில் 10 அடி அகலம், புதியதில் 14 அடி. நம் வீட்டுக் கூடத்தில் சடங்குக்கு உட்கார்ந்திருக்கும் சொந்தக்காரர் அத்தனை பேரையும் அடக்க அந்த நாலு அடி பெரிய விஷயம், பெரியம்மாக்கள் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

இருட்டில் என்ன? புதியதில் கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இருக்கிறது, பழையதில் இல்லை. கோயில் மண்டபத் தூண், கடையின் பல்பு, அசையாத எதையும் பிளாஷ் இல்லாமல் புதியதில் எடுத்துவிடலாம். பழையதில் தூணோடு சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். ஆனால் ஓடுகிற குழந்தையை இரண்டும் கோட்டைவிடும். நடுங்குவது உன் கை என்றால் கேமரா சமாளிக்கும். ஓடுவது குழந்தை என்றால் அது என்ன செய்யும்?

வீடியோவைப் பற்றி ஒரே வரி: பழையது 640க்கு 480, புதியது முழு எச்.டி., பேச்சே இல்லை. பழையதில் வீடியோ எடுக்கும்போது விளக்குக்கு மேலும் கீழும் ஒரு வெளிர்க்கோடு விழும். ரிப்பேர் என்று நினைத்து யாரிடமும் காசு கொடுத்துவிடாதே, சிசிடி சென்சாரின் பிறவிக் குணம் அது.

இனி உன் காலேஜ் கூட்டம் சொல்லும் 'சிசிடி கெத்து'. நான் பிலிம் காலத்து ஆள். அப்போதும் கோடாக்கில் மஞ்சள் தூக்கல், பியூஜியில் பச்சை தூக்கல் என்று லேப் வாசலில் விவாதம் நடக்கும். சிசிடியோ சிமாஸோ, வெளிச்சத்தை எண்ணுவதுதான் அதன் வேலை. நிறம் தெரியாது அதற்கு. மேலே ஒட்டியிருக்கும் நிறக் கண்ணாடியும், உள்ளே இருக்கும் சிப் அந்தக் கணக்கை எப்படிச் சமைக்கிறது என்பதும்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. நீங்கள் எல்லாம் கொண்டாடுவது உண்மையில் பிளாஷை. முகத்தில் பளீர் என்று வெள்ளை, பின்னால் கருப்பு, கண்ணில் சிவப்பு. 2007இல் அதைச் சரிசெய்யச் சொல்லித்தான் கஸ்டமர்கள் என்னிடம் காசு கொடுத்தார்கள். இப்போது அதையே தேடி வருகிறீர்கள். நடக்கட்டும். அத்தை மகளின் கேமராவிலும் பிளாஷைத் தானியங்கியில் விடாமல் கட்டாயமாக எரியவிட்டு எடுத்துப் பார், பாதிக் கெத்து அதிலேயே வந்துவிடும்.

சிசிடி என்று கேட்டதும் எதையும் வாங்கிவிடாதே என்பதற்கும் ஒரு கதை உண்டு. 2003இல் நான் ஒரு சின்ன கேமரா வாங்கினேன், கம்பெனிப் பெயர் வேண்டாம். இரண்டு வருஷம் நன்றாக உழைத்தது. ஒரு சாரல் மாதம் புனலூரில் நிச்சயதார்த்தம். எடுத்த படமெல்லாம் ஊதா நிறத்தில் கோடு கோடாக வந்தது. பெண் வீட்டார் என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. என் தவறு என்றே நினைத்திருந்தேன். 2005 கடைசியில்தான் பல கம்பெனிகள் வாய்திறந்தன. 2002 முதல் 2004 வரை வந்த பல கேமராக்களில் சிசிடிக்குள் இருக்கும் நுண்ணிய கம்பி இணைப்பு, வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் விட்டுப்போகிறது என்று ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். வெக்கையும் ஈரமும்! நம் ஊரையே எழுதி வைத்த மாதிரி. அதனால் பழைய கேமரா தேடுகிறவர்கள் அந்த மூன்று வருஷத்துச் சரக்கை எடுக்கும்போது நாலு படம் எடுத்துப் பார்த்துவிட்டு எடுங்கள். உன் அப்பாவுடையது 2007, அந்தப் பயம் இல்லை.

ஆக, பாப்பா, என் தீர்ப்பு: 14 ஆயிரத்தைக் கொடுக்காதே. 285 மோசம் என்பதற்காக இல்லை. நீ கேட்டது பிளாஷ் படமும் கையடக்கமும். அது அப்பாவின் கேமராவிலேயே இருக்கிறது. ஒரு புது பாட்டரி, ஒரு சார்ஜர், ஒரு கார்டு வாங்கு, தீர்ந்தது. மலையை இழுத்து எடுக்கணும், எச்.டி. வீடியோ வேணும், எடுத்ததும் வைஃபையில் போனுக்குப் போகணும் என்றால் மட்டும் அத்தை மகளிடம் பேசு. அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடு: கேனான் 2025இல் இதே கேமராவை மைக்ரோ எஸ்.டி. கார்டு போடும்படி மாற்றி, பெயருக்குப் பின்னால் ஒரு 'ஏ' சேர்த்து மறுபடி விட்டிருக்கிறது. விற்காமல் வைத்துக்கொண்டாலும் அவளுக்கு நஷ்டமில்லை.

கேள்வி: நீங்கள் சொன்னபடி பழைய கேமராவுக்குக் கார்டு வாங்கினேன். 64 ஜிபி. 'கார்டு எரர்' என்கிறது. திருப்பிக் கேட்டால் கடைக்காரர் கேமராதான் கோளாறு என்கிறார்.
- ஒரு வாசகர், கூடலூர், கம்பம் அருகே

அண்ணே, கார்டும் நல்லது, கேமராவும் நல்லது, ஜோடிதான் பொருந்தவில்லை. எஸ்.டி.எச்.சி. என்ற வகை 2006இல் வந்தது, அதன் எல்லை 32 ஜிபி. அதற்கு மேல் போனால் எஸ்.டி.எக்ஸ்.சி.; 2007 கேமராவுக்கு அந்தப் பாஷை தெரியாது. 2006க்கும் முந்தைய கேமரா என்றால் பெரும்பாலும் 2 ஜிபி கார்டோடு நின்றுகொள்ளுங்கள். கிடைப்பது கஷ்டம், பழைய போன் கடை டிராயர்களில் துழாவினால் கிடைக்கும். கார்டை வாங்கியதும் கம்ப்யூட்டரில் இல்லை, கேமராவிலேயே பார்மேட் செய்யுங்கள்.

கேள்வி: தென்மலையில் எஸ்டேட் பக்கம் குடியிருக்கிறோம். ஜூன் பிறந்தால் துணி காயாது. கேமராவை எப்படிக் காப்பாற்றுவது? அரிசிப் பானையில் வைக்கலாமா?
- ஒரு வாசகி, தென்மலை

அரிசியைச் சமையுங்கள் தாயி, கேமராவை அதில் போடாதீர்கள். தவிட்டுத் தூசு லென்ஸ் வளையத்துக்குள் போய்விடும். இந்தக் குட்டிக் கேமராக்களில் லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும் இடம்தான் உயிர்நிலை. ஒரு மணல் துணுக்கு சிக்கினாலே 'லென்ஸ் எரர்' என்று நின்றுவிடும்.

இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல். நிறம் மாறும் வகை வாங்குங்கள், நிறம் மாறினால் வாணலியில் லேசாகச் சூடாக்கித் திரும்பப் போடலாம். அந்த வாணலியை மட்டும் சமையலுக்கு எடுக்காதீர்கள். கேமராவோடு கொடுத்த தோல் உறையில் வைத்துப் பூட்டுவது வேண்டாம், பூஞ்சைக்கு அது பஞ்சு மெத்தை. ஏ.சி. பஸ்ஸில் வந்து ஆரியங்காவில் இறங்கினால் லென்ஸில் ஆவி படியும். துடைக்காதீர்கள், பைக்குள்ளேயே இருபது நிமிஷம் விடுங்கள். எல்லாவற்றையும்விட, வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துப் பத்துப் படம் எடுங்கள். பீரோவில் கிடக்கும் கேமராவில்தான் பூஞ்சை பிடிக்கும்.

கேள்வி: இத்தனூண்டு கேமராவை முதலில் செய்தது யார் அண்ணாச்சி?
- ஒரு வாசகர், களியக்காவிளை

'முதலில்' என்று கேட்டால் நாலு கம்பெனி கை தூக்கும். கேனான் டிஜிட்டல் இக்சஸ் 2000இல் 2 மெகாபிக்சலோடு வந்தது. ஆனால் நான் கையில் வாங்கி ஆச்சரியப்பட்டது கேசியோவின் எக்ஸிலிம் எஸ் 1, 2002 மாடல். 11.3 மில்லிமீட்டர் தடிமன், ஜூம் கிடையாது, 1.2 மெகாபிக்சல். துபாயிலிருந்து வந்த ஒருவர் அதைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தபோது விசிட்டிங் கார்டு தருகிறார் என்று நான் கையை நீட்டினேன்.

கேள்வி: அண்ணாச்சி, புளியரை பாப்பாதான் மறுபடியும். பாட்டரி வாங்கிவிட்டேன், ஆனால் உள்ளே போனது வெளியே வர மாட்டேன் என்கிறது!

வீங்கியிருக்கும். மலிவு பாட்டரியா? தெரியும். என் கடையிலேயே இதே கூத்து இரண்டு முறை நடந்திருக்கிறது. ஊசியால் நெம்பாதே, லித்தியம், குத்தினால் தீப்பிடிக்கும். கேமராவை அணைத்து அப்படியே வை, சார்ஜ் போடாதே, இன்றைக்கே அப்பாவிடம் கொடுத்தனுப்பு. வரும்போது அந்த ஐந்தாவது படத்தையும் பென் டிரைவில் எடுத்து வரச் சொல். 6க்கு 8 போட்டு வைக்கிறேன்.